6 பேர், 2 வள்ளம், 5 நாள்: தெமாகமி ஏரியில் முகாமிட்டு மீன் பிடிப்பது எப்படி

கேள்வி இதுதான்: ரொறன்ரோவில் இருக்கும் 6 நண்பர்கள் ஓகஸ்ட் கடைசியில் ஒன்ராறியோவின் வடக்கே, வீதி போகாத ஏரிக்கரை ஒன்றில் 5 நாள் கூடாரம் அடித்து மீன் பிடிக்க விரும்புகிறார்கள். ஒருவருக்கு மட்டும் மோட்டார் வள்ளம் ஓட்டிய பழக்கம். இரண்டு பேருக்கு நீந்தத் தெரியாது. எங்கே போவது, என்ன அனுமதி வேண்டும், என்னென்ன கொண்டுபோவது?

முதலில் இடம். முதற்தடவை போகும் ஆறு பேருக்கு நான் சொல்வது தெமாகமி ஏரி. 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பரி, அங்கிருந்து 11ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நோர்த் பே, அதைத் தாண்டி இன்னும் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மொத்தம் 450 கிலோமீற்றரளவு. 5 மணித்தியால ஓட்டம். ஏரியின் நடுவே திறந்த நீர்ப்பரப்பு, அதிலிருந்து பல பக்கமும் நீளும் கைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள். கோடைவீடுகள் தீவுகளில்தான் இருக்கின்றன. பெருநிலக் கரை பெரும்பாலும் காடாகவே விடப்பட்டிருக்கிறது. வள்ளத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஆளரவம் இல்லாத கரை கிடைக்கும். ஆபத்து என்றால் அதே அளவு நேரத்தில் திரும்பியும் வரலாம். விமானத்தில் போய் இறங்கும் ஏரிகளில் மீன் இன்னும் அதிகம். ஆனால் பொதி நிறைக்குக் கடுமையான எல்லை உண்டு, வானம் கெட்டால் உங்களை எடுக்க விமானம் வராது. அது இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

ஏரியின் நடுவே இருக்கும் பெயார் தீவு தெமாகமி முதற்குடியினரின் ஊர். அங்கே அனுமதி இல்லாமல் கரையேறவோ கூடாரம் அடிக்கவோ கூடாது. சுற்றியுள்ள நிலம் முழுவதையுமே அந்த மக்கள் தங்கள் தாயகமாகக் கொள்கிறார்கள். 1989இல் ரெட் ஸ்குவிரல் வீதியை மறித்து அவர்களும் சூழலியலாளர்களும் நடத்திய போராட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்தப் பகுதியின் முதிய பைன் மரங்கள் இன்றும் நிற்பதில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பச்சை மரத்தில் கத்தி வைக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.

அரசு நிலத்தில், அதாவது கிரவுன் நிலத்தில், கனடாவில் வசிப்பவர்கள் ஓர் இடத்தில் ஓராண்டில் 21 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வந்திருக்கும் உறவினரைச் சேர்த்துக்கொண்டால் கதை வேறு: பிரெஞ்சு, மற்றாவா ஆறுகளுக்கு வடக்கே வெளிநாட்டவருக்குத் தனி முகாம் அனுமதி வேண்டும். பக்கத்தில் மாகாணப் பூங்காக்களும் இருக்கின்றன. அவற்றின் எல்லைக்குள் எல்லாருக்குமே அனுமதி தேவை. ஆகவே வரைபடத்தில் இடத்தைக் குறித்த பிறகு அது எந்த வகை நிலம் என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இப்படியான பயணம் மீனால் கெடுவதில்லை, வள்ளத்தால் கெடுகிறது. ஆறு பேரும் ஒரே பெரிய வள்ளத்தில் போக வேண்டாம். இரண்டு வள்ளம், வள்ளத்துக்கு மூன்று பேர், ஒன்றின் கண்பார்வைக்குள் மற்றது. ஒரு மோட்டார் நின்றால் மற்றது கட்டி இழுக்கும். ஒன்று கவிழ்ந்தால் மற்றது ஆளைத் தூக்கும். அத்தோடு திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். ஐந்து நாளில் ஒரு நாளாவது காற்று உங்களைக் கரையில் இருத்தும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். ஞாயிறு பின்னேரம் கட்டாயம் வீட்டில் நிற்க வேண்டும், திங்கள் வேலை என்று நெருக்கிப் போட்ட பயணங்களில்தான் ஆட்கள் வெள்ளை அலைக்குள் வள்ளத்தை இறக்குகிறார்கள்.

இரண்டு வள்ளம் என்றால் இரண்டு ஓட்டிகள். மோட்டார் எவ்வளவு சிறியதானாலும் ஓட்டுபவரிடம் வள்ளம் ஓட்டும் தகுதி அட்டை இருக்க வேண்டும்; 2009 செப்ரெம்பரிலிருந்து வயது வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் இதுவே சட்டம். இணையத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம். வாடகை வள்ளத்துக்கு, கொடுப்பவர் விளக்கிச் சொல்லி இருவரும் ஒப்பமிடும் சரிபார்ப்புத் தாளையும் ஏற்பார்கள். ஆனால் தாள் கையில் இருப்பது பழக்கம் இருப்பதாகாது. புதியவர் யூலையிலேயே ஸ்கூகொக் போன்ற பக்கத்து ஏரி ஒன்றில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும்: புறப்படுவது, கரைக்கு வருவது, அலையைச் சரிவாக எதிர்கொள்வது, மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுவது.

16 அடி அலுமினிய வள்ளமும் 9.9 முதல் 20 குதிரைவலு மோட்டாரும் போதும். வள்ளத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஏற்றக்கூடிய மொத்த நிறை இருக்கும். அதில் ஆட்கள் மட்டுமல்ல, மோட்டாரும் எரிபொருளும் சாமான்களும் அடங்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மூன்று பேர் 255 கிலோ, மோட்டார் 50, நிறைந்த பெற்றோல் தாங்கி இரண்டு 40, ஆளுக்கு 40 கிலோ சாமான் என்றால் 120. மொத்தம் 465 கிலோ. இந்த அளவு வள்ளங்கள் பலவற்றுக்கு இது எல்லையை முட்டும் நிறை. இரண்டு பெரிய குளிர்ப்பெட்டி, மடக்குக் கதிரை ஆறு, இரும்புத் தாச்சி என்று ஏற்றிக்கொண்டே போனால் வள்ளத்தின் விளிம்பு நீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் நிற்கும். பாரமான பொதிகளை நடுவில், அடியில் வையுங்கள். எல்லாவற்றையும் பின்னால் போட்டால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், மேலே தூக்கிக்கொள்ளும், ஓட்டிக்கு முன்னால் இருக்கும் பாறை தெரியாது.

எரிபொருளுக்குப் பழைய விதி: மூன்றில் ஒன்று போக, மூன்றில் ஒன்று வர, மூன்றில் ஒன்று கையிருப்பு. 9.9 குதிரைவலு நாலு அடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) மோட்டார் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குடிக்கும். மெதுவாக இழுத்து மீன் பிடிக்கும்போது அதில் கால்வாசி. போய்வர 15 லீற்றர், நாலு நாள் மீன்பிடிக்கு 20, அதற்கு மேல் கையிருப்பு. வள்ளத்துக்கு இரண்டு 25 லீற்றர் தாங்கி என்று வைத்தால் கவலை இல்லை.

நடு ஏரியில் மோட்டார் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் பெரிய கோளாறு காரணமாக இருப்பதில்லை. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மூச்சடங்கும், ஏனென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராது. எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள றப்பர் குமிழை இறுகும்வரை அமுக்காவிட்டால் தொடங்காது. ஓட்டி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கொளுவி கழன்றிருந்தால் எத்தனை தரம் இழுத்தாலும் தொடங்காது. ஓடும்போது மோட்டாரின் பக்கத்துத் துவாரத்தால் நீர் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும்; நின்றால் உடனே நிறுத்துங்கள், குளிர்விக்கும் நீர் உள்ளே போகவில்லை. பாறையில் அடிபட்டு விசிறி சேதமாவது இந்த ஏரியில் சாதாரணம், ஆகவே உதிரி விசிறி ஒன்று, பிளவு ஊசிகள், அதற்கான குறடு, பிளக் திருகி ஆகியவை கட்டாயம். வாடகைக்குத் தருபவரிடம் கேட்டு வாங்கி, எப்படி மாற்றுவது என்று அங்கேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

6 மீற்றருக்கு உட்பட்ட வள்ளத்தில் சட்டப்படி இருக்க வேண்டியவற்றில் முக்கியமானவை: ஆளுக்கு அளவான மிதப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றுடன் நங்கூரம், நீர் இறைக்கும் வாளி, ஊதுகுழல், இருட்டிய பின் ஓடினால் விளக்குகள். சட்டம் அங்கி வள்ளத்தில் இருந்தால் போதும் என்கிறது. நான் சொல்வது, கரையை விட்டு நகரும் ஒவ்வொரு தடவையும் ஆறு பேரும் அணிந்து, கொளுவிப் பூட்டியிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் இதே விதி. குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நடக்கும் என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார்: மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணித்தியாலம். மிதப்பு அங்கி இல்லாதவர் முதல் நிமிடத்தையே தாண்டாமல் போகலாம். ஓகஸ்டில் மேல்நீர் 20 பாகையை ஒட்டி இருக்கும், அவ்வளவு கொடுமை இல்லை. மே மாதம் போனால் பனிக்கட்டி கரைந்து சில வாரமே ஆன நீர். இந்த எண்கள் அப்படியே பொருந்தும்.

ஆண்கள் குழுவாகப் போகும்போது இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: இப்படியான திறந்த வள்ளத்தில் மது அருந்துவது ஒன்ராறியோவில் குற்றம். குடித்துவிட்டு வள்ளம் ஓட்டினால் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் போகும். போத்தல் இரவில், கூடாரத்தடியில், எல்லா வள்ளமும் கட்டிய பிறகு.

காற்று காலையில் அடங்கியிருந்து மதியத்தில் எழும். நீண்ட கை வழியே அடிக்கும்போது அலை கைநெடுகக் கூடிக்கொண்டே வரும். ஆகவே முகாமுக்குப் போகும் நாளிலும் திரும்பும் நாளிலும் விடிய 6, 7 மணிக்கே நீரில் இருங்கள். ரொறன்ரோவிலிருந்து காலையில் வெளிக்கிட்டு மதியம் வந்து அப்படியே ஏரியில் இறங்குவது பிழை. முதலிரவு தெமாகமியிலோ நோர்த் பேயிலோ அறை எடுங்கள். இறங்குதுறை இரண்டு வகை. ஊரிலேயே இறங்கினால் வடகிழக்குக் கை முழுவதும் ஓட வேண்டும். ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சரளை வீதியால் போனால் நடு ஏரிக்குக் கிட்ட இறங்கலாம். அலையில் வெள்ளை நுரை தெரிந்தால் கடக்காதீர்கள், கரையோரமாகச் சுற்றுங்கள். இடி கேட்டால் உடனே கரை. 1:50,000 அளவு வரைபடத்தை நீர் புகாத உறையில் இரண்டு வள்ளத்திலும் வையுங்கள். தீவுகள் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், கைத்தொலைபேசி மின்கலம் இரண்டாம் நாள் தீரும். திசைகாட்டி பார்ப்பவர்கள் அங்கே காந்த வடக்கு 10, 11 பாகை மேற்கே விலகியிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பற்றி. 18 முதல் 64 வயதுவரை ஒவ்வொருவருக்கும் அவுட்டோர்ஸ் கார்ட் எனும் வெளிப்புற அட்டையும் மீன்பிடி அனுமதியும் தேவை. அனுமதி இரண்டு வகை: கூடிய எண்ணிக்கை தரும் ஸ்போர்ட், குறைந்த எண்ணிக்கை தரும் கொன்சர்வேசன். எல்லாரும் யோசிக்காமல் கூடியதை வாங்குகிறார்கள். பிக்கரல் மீனில் பொதுவாக ஸ்போர்ட்டுக்கு ஆளுக்கு 4, கொன்சர்வேசனுக்கு 2. ஆறு பேருக்கு 2 வீதம் 12 மீன். 40 சென்ரிமீற்றர் பிக்கரல் ஒன்று 600 கிராமை ஒட்டி நிற்கும், முள் நீக்கிய சதை 250 கிராமளவு தேறும். ஒரு இராச்சாப்பாட்டுக்கு 6 மீன் தாராளம். இந்த ஏரி மெதுவாக மீன் வளரும் குளிர் ஏரி. கொன்சர்வேசன் அனுமதியே போதும்.

தெமாகமி 11ஆம் இலக்க மீன்வள வலயத்தில் இருக்கிறது. புறப்படும் கிழமையில் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் அந்த வலயப் பக்கத்தையும், அதன் கீழே தனித்தனி ஏரிகளுக்குச் சொல்லியிருக்கும் விதிவிலக்குகளையும் வாசியுங்கள். பருவம், எண்ணிக்கை, நீள எல்லை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஊரார் பிக்கரல் என்று சொல்லும் மீன் அந்தப் புத்தகத்தில் வோல்ஐ என்று இருக்கும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான் நீரில் இருக்கலாம். கரையில் பொரித்துச் சாப்பிட்டு முடித்த மீனும் அன்றைய எண்ணிக்கையில் சேரும். வீட்டுக் குளிரூட்டியில் கிடக்கும் பழைய மீன்கூட உங்கள் கைவசக் கணக்கில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இரைக்கும் விதி உண்டு. 2022 தொடக்கம் மாகாணம் நாலு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரைக்கான சிறுமீனையும் அட்டைப்பூச்சியையும், உயிரோடோ செத்ததோ, ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. அட்டைப்பூச்சி வேண்டுமென்றால் தெமாகமிப் பக்கத்தில் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மிஞ்சிய இரையையோ அதன் நீரையோ ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது குற்றம். மண்புழுவும் றப்பர் புழுவும் இருந்தால் முதற்பயணத்துக்குப் போதும்.

ஓகஸ்ட் கடைசியில் பிக்கரல் 5 முதல் 9 மீற்றர் ஆழத்தில், பாறை முனைகளின் சரிவிலும் நீருக்கடிக் குன்றுகளின் ஓரத்திலும் நிற்கும். அதன் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் அது நன்றாகப் பார்க்கும், உச்சி வெயிலில் ஆழத்துக்கு ஒதுங்கும். ஆகவே விடிகாலையும் பொழுதுபடும் நேரமும்தான் வேட்டைக்கு நேரம். அப்போது 2, 3 மீற்றர் ஆழத்துக்கே வரும். பகலில் பிடிக்க விரும்பினால் காற்று அலையைக் கொண்டுவந்து மோதும் கரையைப் பாருங்கள், அங்கே நீர் கலங்கி வெளிச்சம் குறைந்திருக்கும்.

ஆறரை அடித் தடி, 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி, தலையில் ஈயக்குண்டு வைத்த ஜிக் தூண்டில், அதில் பாதி மண்புழு. குண்டின் நிறைக்கு ஒரு வாய்ப்பாடு: ஒவ்வொரு 3 மீற்றர் ஆழத்துக்கும் எட்டில் ஒரு அவுன்ஸ். 6 மீற்றரில் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம். அடியில் தட்டும்வரை விடுங்கள், ஒரு சாண் தூக்குங்கள், தங்கூசி தளராமல் திரும்ப இறக்குங்கள். பிக்கரல் வெட்டி இழுக்காது. இறங்கும்போது தூண்டில் கொஞ்சம் பாரமானது போலத் தோன்றும், அதுதான் கடி. புதியவர்களுக்கு மீன் படாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், காற்றில் வள்ளம் வேகமாக நகர்வதால் குண்டு அடியைத் தொடாமல் நடுநீரில் மிதந்துகொண்டு வருவதுதான். குண்டைக் கூட்டுங்கள், அல்லது நங்கூரம் போடுங்கள். பாறையில் சிக்கி அறும் என்பதால் ஆளுக்கு 10, 12 ஜிக் கொண்டுபோங்கள். ஈயத்துக்குப் பதில் தகரம், டங்ஸ்டன் கிடைக்கும். அறுந்த சிறு ஈயத்தை விழுங்கும் லூன் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்தைத் தடைசெய்ததற்குக் காரணமும் அதுதான்.

களைக்கரையில் பைக் மீன் கிடக்கும். பல்லால் தங்கூசியை அறுத்துவிடும், ஆகவே கம்பி முன்னிழை போடுங்கள். பாறைக்கரையில் ஸ்மோல்மவுத் பாஸ். லேக் ட்ரவுட் 10 பாகைக் குளிர்நீரைத் தேடும் மீன். ஓகஸ்டில் 15, 20 மீற்றருக்குக் கீழே போய்விடும், பாரமான கரண்டித் தூண்டில் இல்லாமல் எட்டாது.

விடுவிப்பதற்கென்று பிடிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பிக்கரலையும் பாஸையும் 9, 10 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப் பெருத்து, இரைப்பை வாய்வழி தள்ளும். விட்டாலும் மிதந்து சாகும். லேக் ட்ரவுட்டுக்குக் காற்றை வாய்வழி வெளியேற்றும் குழாய் உண்டு, அது தப்பும். ஆழத்தில் பிக்கரல் பிடிக்கிறீர்கள் என்றால் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்ததும் நிறுத்துங்கள். ஆழத்தில் பிடித்து விடுவது இரக்கம் ஆகாது.

கைவிரலில் தூண்டில் ஏறுவது இப்படியான பயணத்தில் நடக்கவே செய்யும். கூரின் பின்னோக்கிய முள்ளைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி விடுங்கள், பாதிக் கவலை தீரும். மேலோட்டமாக ஏறியிருந்தால், வளைவில் தடித்த தங்கூசி ஒன்றைச் சுற்றி, தூண்டிலின் தண்டைத் தோலோடு சேர்த்துக் கீழே அமுக்கி, தங்கூசியைத் தண்டுக்கு நேர்கோட்டில் பின்னோக்கிச் சடாரென்று இழுத்தால் வந்த வழியே வெளியேறும். கண்ணுக்குக் கிட்ட, கழுத்தில், மூட்டில் ஏறினால் தொடாதீர்கள். கட்டுப் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முகாம். ஏற்கனவே ஆட்கள் பாவித்த இடத்தையே தேடுங்கள்: கல்லடுக்கிய அடுப்பும் பின்னால் காட்டுக்குள் பெட்டிக் கழிப்பிடமும் இருக்கும். கூடாரத்துக்கு மேலே பட்டமரமோ முறிந்து தொங்கும் கொப்போ இருந்தால் அங்கே படுக்க வேண்டாம். மண் மெல்லியது, அடியில் பாறை; முளை இறங்காது. தானாக நிற்கும் வகைக் கூடாரம் மூன்று, கல்லில் கட்ட மெல்லிய கயிறு 30 மீற்றர், சமையலுக்கு மேலே 4 க்கு 5 மீற்றர் தார்ப்பாய். பகலில் 20 பாகைக்கு மேல் இருந்தாலும் இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கலாம், ஆகவே 0 பாகைக்கு ஏற்ற உறக்கப்பையும் அடியில் விரிக்கும் பாயும் வேண்டும். பருத்தி உடுப்பு நனைந்தால் காயாது. நுளம்பும் கறுப்பு இலையானும் ஓகஸ்ட் கடைசியில் வெகுவாக ஓய்ந்துவிடும்; யூனில் போனால் தலைவலை இல்லாமல் முடியாது. நுளம்பு விரட்டியான டீட் பூசிய கையால் பிளாஸ்ரிக் பொருட்களைத் தொட்டால் அவை பழுதாகலாம்.

கழிப்பிடம் இல்லாத இடத்தில் நீரிலிருந்து 60, 70 மீற்றர் தள்ளி ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். ஏரிநீர் பளிங்குபோல் இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கும். கொதித்துப் புரளும்போது 1 நிமிடம் விட்டால் போதும், அல்லது வடிகட்டி.

சாப்பாட்டை மீனை நம்பித் திட்டமிடாதீர்கள். நாலு இரவில் இரண்டுக்கு மீன், மிச்சத்துக்குப் பருப்பும் தகரமீனும் கிழங்கும். ஆளுக்கு ஒரு வேளைக்கு 120 கிராம் அரிசி. நாளுக்கு ஒருவேளை சோறு என்றால் 5 நாளுக்கு 4 கிலோ. எண்ணெய் 2 லீற்றர். கறித்தூள், புளி, உப்பு, மஞ்சள், உலர்ந்த கறிவேப்பிலை ஆகியவற்றை அளந்து சிறு பைகளில். தேங்காய்ப்பால் மாவாக. இரண்டு அடுப்பு புரொப்பேன் அடுப்பில் இரண்டையும் முழுதாக எரித்தால் 1 இறாத்தல் உருளை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் தீரும். காலையில் தேத்தண்ணி, இரவில் சோறும் பொரியலும் என்றால் நாளுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் 7, அல்லது நிரப்பக்கூடிய 5 இறாத்தல் தாங்கியும் 2 சிறிய உருளையும்.

மீனை நீரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் பழக்கத்தைக் கோடையில் கைவிடுங்கள். இளஞ்சூட்டு மேல்நீரில் மெல்லச் சாகும் மீனின் சதை குழைந்துவிடும். பிடித்ததும் தலையில் அடித்துக் கொன்று பனிக்கட்டியில் வையுங்கள். பிக்கரல் முள் குறைந்த வெள்ளைச் சதை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புத் தடவிப் பொரிக்க அதைவிட நல்ல மீன் அந்த ஏரியில் இல்லை. தலையும் நடுமுள்ளும் சொதிக்குப் போகட்டும். பைக் மீனில் கவர்முள் நிறைய. துண்டின் குறுக்கே நெருக்கமாகக் கீறிக் கடும் சூட்டில் பொரித்தால் சிறுமுள் கரகரத்துவிடும், அல்லது அவித்து முள் எடுத்துக் கட்லட். லேக் ட்ரவுட்டின் கொழுப்புச் சதை புளிக்குழம்புக்கு நன்றாக இருக்கும். எந்த மீனையும் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ண வேண்டாம், இந்த ஏரி மீன்களில் நாடாப்புழு இருக்கக்கூடும். பெரிய மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். சிறியதைச் சாப்பிட்டுப் பெரியதை விடுங்கள். முட்டையிடும் பெரிய பெண்மீன்கள் ஏரிக்கு வேண்டியவை என்பது இன்னொரு காரணம்.

இப்போது கரடி. அங்கே இருப்பது கருங்கரடி, மூக்கால் வாழும் விலங்கு. கருவாடு கொண்டுபோக வேண்டாம், எவ்வளவு சுற்றிக் கட்டினாலும் பயனில்லை. சமைக்கும் இடம் கூடாரத்திலிருந்து 60 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். மீன் பொரித்த உடுப்போடு படுக்காதீர்கள். உணவு, பற்பசை, சவர்க்காரம், குப்பை எல்லாவற்றையும் பைகளில் கட்டி, தரையிலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் விலகித் தொங்கவிடுங்கள்; ஆறு பேரின் உணவுக்கு இரண்டு, மூன்று பைகள், 20 மீற்றர் கயிறுகள் வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே மரத்தைத் தெரிந்து கயிற்றைப் போடுங்கள். மீன்குடலை முகாமடியிலோ கரைநீரிலோ போடாமல், வள்ளத்தில் தூரக் கொண்டுபோய்க் காட்டுக்குள் ஆழப் புதையுங்கள். கரடி வந்தால் ஓட வேண்டாம். ஆறு பேரும் ஒன்றாக நின்று சத்தம் போட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இரண்டு, கைக்கெட்டும் இடத்தில்.

தீ மூட்டுமுன் அன்றைய நிலை தெரிந்திருக்க வேண்டும். காட்டுத்தீக் கட்டுப்பாடு அறிவித்திருந்தால் விறகுத்தீ முற்றாகத் தடை, வாயு அடுப்பு மட்டுமே. இல்லாவிட்டாலும் வெறும்பாறையில்தான் மூட்ட வேண்டும், சுற்றிலும் 1 மீற்றருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. பைன் ஊசிகள் மக்கிய மண்ணே எரியும். மேலே அணைந்ததுபோல் இருந்து, வேர்வழியே நாட்கணக்கில் கனன்று நீங்கள் போன பிறகு எழும். நீர் ஊற்றிக் கிளறி, திரும்ப ஊற்றி, சாம்பலில் கை வைத்துச் சூடில்லை என்று கண்ட பிறகே நகருங்கள். காட்டுத்தீயைக் கண்டால் 310-3473.

கைத்தொலைபேசி ஏரியின் பல கைகளில் வேலை செய்யாது. செய்மதி வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று, கார்மின் இன்ரீச் போன்றது, வாடகைக்காவது எடுங்கள். அது ஒருவரின் பையில் பூட்டிக் கிடக்காமல், எல்லாருக்கும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் பொறுப்பான ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: எந்தத் துறையில் இறங்குகிறோம், முகாம் எங்கே, வள்ளங்களின் நிறம், கார் இலக்கம், எந்த நாள் எத்தனை மணிவரை தகவல் இல்லாவிட்டால் பொலிசை அழைப்பது. காற்றால் தங்க நேரும் அந்த ஒரு நாளையும் அந்த நேரத்தில் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கரையில் சுகமாகத் தேத்தண்ணி குடிக்கும்போது தேடும் விமானம் புறப்பட்டுவிடும்.

திரும்பும்போது இரண்டு வேலை. சொந்த வள்ளம் என்றால் துறையிலேயே களைகளைக் களைந்து, அடி அடைப்பானைக் கழற்றி நீரை முழுதாக வடித்துவிட வேண்டும். இதுவும் 2022இலிருந்து சட்டம். மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு துண்டிலும் தோல் கொஞ்சம் விட்டு, எத்தனை மீன், என்ன இனம் என்று எண்ணக்கூடியபடி தட்டையாகப் பொதியுங்கள். நீள எல்லை உள்ள இனமானால் அளக்கக்கூடிய முழு மீனாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டியாக உறையவைத்தால், வீதியில் மறிக்கும் அதிகாரியால் எண்ண முடியாது, எண்ண முடியாத மீனுக்குத் தண்டம் உங்களுக்கு. 11ஆம் நெடுஞ்சாலையில் பொழுதுபட்ட பிறகு மூஸ் எனும் பெரிய மான் வீதிக்கு வரும். கறுத்த உடல், உயர்ந்த கால், காரின் விளக்கொளியில் கண்கூட மின்னாது. மதியத்துக்கு முன் கரையேறினால் இருட்டுமுன் பரியைத் தாண்டிவிடலாம்.